மெத்தைக்காரர் வண்டி எடுக்காத மாதங்கள்

என் அக்காவின் கணவரை எங்கள் பகுதியில் எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தொழிற்சாலையிலிருந்து மெத்தைகளை ஏற்றிச் சென்று கடைகளிலும் வீடுகளிலும் இறக்குவது அவர் வேலை. ஆகவே அவர் மெத்தைக்காரர். நான் மாமா என்றேன். அக்கா "இந்தாங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு அவர் தெருமுனையிலிருந்தும் வந்துவிடுவார்.

அவசர மருத்துவ சேவையின் ஊர்திகள் நின்று புறப்படும் புதிய கிளைக்கு இடம் தேர்ந்தெடுத்த விவகாரம் இப்போது முடிந்துவிட்டது. அந்தக் கோப்பில் மாமாவைப் பற்றி ஒரே ஒரு வரி உண்டு. அதில் அவர் மனிதராகவே குறிப்பிடப்படவில்லை. கோப்பின் நகல் முழுவதும் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் அதில் இல்லாதவற்றைத்தான் இங்கே முக்கியமாக எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு சிமென்ட் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே சாலை. பொழுது விடிந்ததும் சரக்கு ஏற்ற வரும் லாரிகள் அந்தச் சாலையின் இருபுறமும் நின்றுவிடும். நடுவில் எதிரெதிராக இரண்டு லாரிகள் முட்டிக்கொண்டால் மதியம் வரை ஒன்றும் அசையாது. காற்றில் எந்நேரமும் சிமென்ட் தூசி. வெள்ளைச் சட்டை அணிபவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். அவரும் மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் நிறத்துக்கு வந்துவிடுவார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் பக்கத்துத் தெருக் கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தார். அவசர ஊர்தியை அழைத்தார்கள். அது லாரிகளுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தது. மாமா அப்போது மெத்தைகளுடன் கிளம்பிக்கொண்டிருந்தார். மேலே இருந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் கொத்தனாரை அதன் மேல் கிடத்தினார். கிடங்கின் உட்புறமாக ஓடும் வழி, பின்வாசல் வழியாகப் பெரிய சாலைக்குப் போகும். லாரிகள் அந்த வழியாகப் புகுந்துவிடாமல் இருக்க வாசலின் குறுக்கே தாழ்வாக ஓர் இரும்பு உத்தரம் பொருத்தியிருந்தார்கள். அவசர ஊர்தி அதில் இடிக்கும். மாமாவின் வண்டி தலை தப்பிப் போய்விடும். அங்கிருந்த வாட்ச்மேன் கேள்வி கேட்காமல் வாசலைத் திறந்தார். கொத்தனார் பிழைத்தார்.

அதன் பிறகு எங்கள் பகுதியில் யாரும் தொலைபேசியைத் தேடியதில்லை. மாமாவின் வீட்டுக் கதவைத் தேடினார்கள். நெஞ்சு வலி, பிரசவம், பாம்புக்கடி என்று எல்லாமே புது மெத்தையில் படுத்துப் போயின. மாமா வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவார். பின்னால் படுத்திருப்பவர் பதில் சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டே போவதற்கான வழி அது என்பார்.

"மெத்தை எப்படி இருக்கு? பிடிச்சிருந்தா சொல்லு. நீ திரும்பி வந்ததும் இதையே உனக்கு வித்துடறேன்."

இடுப்பு வலியில் துடித்த ஒரு பெண் ஒருமுறை, "அண்ணே, கொஞ்சம் வாய மூடிட்டு ஓட்டுங்க" என்று திட்டினாளாம்.

"நான் மூடினா நீ கத்துவ. நீ கத்தினா எனக்கு கியர் விழாது, தாயே."

வீடு திரும்பியதும் பிளாஸ்டிக் உறையைச் சோப்பு நீரால் துடைப்பது அக்காவின் வேலை. அவள் வீட்டிலேயே தலையணை உறை தைப்பவள். தையல் இயந்திரத்துக்கு ஓய்வு கொடுத்தாலும் வாய்க்குக் கொடுக்கமாட்டாள். "புது மெத்தைன்னு ஆசையா வாங்கிட்டுப் போறாங்க. அவங்களுக்கு முன்னாடி ஊரே அதுல படுத்து எழுந்தது தெரிஞ்சா, உங்கள அந்த மெத்தையிலேயே கட்டி ஆத்துல விட்டுடுவாங்க" என்பாள். சொல்லிக்கொண்டே துடைப்பாள்.

புதிய கிளை வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அது எங்களுக்குத்தான் என்று எல்லோரும் நம்பினோம். கிடங்கை ஒட்டி அரசுக்குச் சொந்தமான ஒரு காலி மனை இருந்தது. இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. சங்கத்தின் மனுக்களை எழுதுபவன் நான்; சாலையில் லாரிகள் நிற்பதைத் தடை செய்யக் கோரி முன்பே மனு கொடுத்திருந்தேன். அத்தியாவசிய சேவை எதுவும் அந்தச் சாலையில் இயங்காததால் தடை விதிக்க வழியில்லை என்று பதில் வந்திருந்தது. கிளை வந்துவிட்டால் தடையும் வந்துவிடும். சாலை திறந்துவிடும்.

இடத்தேர்வு அலுவலர் ஒரு பெண்மணி. மருந்துக்கடையின் மாடியில் இருந்த சங்க அறைக்கு வந்தார். நல்ல மாதிரியாகப் பேசினார். மடிக்கணினியைத் திறந்து எங்கள் நகரின் வரைபடத்தைக் காட்டினார். அழைப்பு வந்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கும் இடத்தில், அம்மை போட்டதுபோல் புள்ளிகள். எங்கள் பகுதி வெறுமையாக இருந்தது.

"பாருங்க, உங்க பக்கத்துல ஒன்னுமே இல்ல. ஒருவிதத்துல நல்ல விஷயம்தானே? ஆரோக்கியமான ஏரியா."

வாசலில் நின்றிருந்த மாமா சொன்னார்: "மேடம், நாங்களும் எல்லாரையும் போலத்தான் விழறோம். ஃபோன் பண்ணிட்டு விழறதில்ல, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார். நான் சாலையின் நிலையையும், மாமாவின் வண்டியையும், அழைப்பு இல்லாததன் காரணத்தையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா நான் புரிஞ்சுகிட்டத ரிப்போர்ட்ல எழுத முடியாது. நீங்க கூப்பிட்டாதான் புள்ளி விழும். புள்ளி விழுந்தாதான் உங்க இடத்தை நான் எழுத முடியும். முடிவு எடுக்க இன்னும் சில மாசம் இருக்கு. அதுவரைக்கும் எல்லாரும் எங்க நம்பருக்கே கூப்பிடுங்க."

"அதுவரைக்கும் வண்டி வந்து சேரலைன்னா?" என்று மாமா கேட்டார்.

"வர்றது எங்க பொறுப்பு" என்றார் அவர்.

அவர் போனதும் கூட்டம் அங்கேயே தொடர்ந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். ஆய்வு முடியும்வரை மெத்தைக்காரர் எந்த நோயாளியையும் ஏற்றக்கூடாது, எவரும் அவரிடம் போய்க் கேட்கவும் கூடாது என்று தீர்மானம் முன்மொழிந்தார்.

"இவ்வளவு நாளா நீங்க செஞ்சது பெரிய உதவி, மெத்தைக்காரரே. நான் மறுக்கல. ஆனா அந்த உதவிதான் இப்ப நம்ம கழுத்துல கல்லா தொங்குது."

"அப்ப நான் ஏத்திட்டுப் போனதெல்லாம் தப்பா?"

"தப்புன்னு சொல்லல. கணக்குல வரலைன்னு சொல்றேன்."

மாமா தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, "சரி, என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டீங்க. சம்பளமில்லாத வேலைய விட்டுத் தூக்கப்பட்ட முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாமாவும் கை தூக்கினார்.

வீட்டில் அக்கா, "உங்களால முடியுமா? ஒருத்தன் கதவத் தட்டினா, சட்டை போடாமயே ஓடற ஆளு நீங்க" என்றாள்.

"முடியணும்ல. கிளை வந்துட்டா அப்புறம் யாரும் நம்ம கதவத் தட்டவே வேணாம்."

"அப்ப கதவ இப்பவே எடுத்துடுங்க, காத்தாவது வரும்."

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காய்ச்சலுக்கும் அழைத்தார்கள், கால் பிசகியதற்கும் அழைத்தார்கள். மாலையில் சாலை காலியாக இருக்கும்போது ஊர்தி விரைவாகவே வந்தது. "இங்க இவ்வளவு பேர் இருக்கீங்களா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்று ஊர்திப் பணியாளர் ஒருவர் வியந்தார். மருந்துக்கடைக்காரர் அலுவலரிடம் பேசிவிட்டு வந்து, புள்ளி ஏறுகிறது என்று எங்களுக்குச் சொல்வார். கிரிக்கெட் ஓட்டக் கணக்கு சொல்வதுபோல் சொல்வார்.

காலை நேரங்கள்தான் கடினமாக இருந்தன. எதிர்வீட்டுக் குழந்தையின் மேல் கொதிக்கும் வெந்நீர் கொட்டிவிட்டது. மூன்று வயதுப் பெண் குழந்தை. தாய் தொலைபேசியில் அழைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றாள். மாமாவின் வண்டி அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அவள் கேட்கவில்லை. தீர்மானம் எல்லோருக்கும் தெரியும். மாமா வண்டிக்குள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். வீட்டுக்குள் அக்கா தையல் இயந்திரத்தை வேக வேகமாக மிதித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது ஊசியில் நூல் இல்லை.

ஊர்தி வந்தது. மிகத் தாமதமாக வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. கழுத்திலிருந்து தோள்வரை தோல் சுருங்கிவிட்டது. அதன் பிறகு ஒருநாள் குழந்தையின் தகப்பன் தெருவில் மாமாவை நிறுத்தி, "உங்க மேல எனக்கு ஒன்னும் கோபமில்லண்ணே. நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்துறவரு" என்றான். மாமா அன்று சாப்பிடவில்லை. நான்கூட மருந்துக்கடைக்காரரிடம் போய், குழந்தைகளுக்கு மட்டுமாவது விலக்கு வேண்டும் என்றேன். பாதிக் கிணறு தாண்டிய பிறகு பின்வாங்கினால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்றார் அவர். அந்தக் குழந்தையின் தோளையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

அக்காவுக்கு நடந்ததும் காலையில்தான். நான் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். அவள் துணியை அளந்து கத்தரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனாள். கை அதைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. "என்னடா இது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டுமே சிரித்தது.

மாமா ஓடிவந்து அவளைத் தூக்கினார். வண்டியில் மெத்தைகள் தயாராக இருந்தன. அவள் இடது கையால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள்.

"வண்டி வேணாம். ஃபோன் பண்ணுங்க."

"பைத்தியம் மாதிரி பேசாத. கைய எடு."

"எதுத்த வீட்டுப் புள்ளைக்கு எடுக்காத வண்டி. எனக்கு எடுத்தா... நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்." சொற்கள் குழைந்து வந்தன. ஆனாலும் ஒவ்வொன்றும் எங்களுக்கு விளங்கியது. அவள் கடைசியாக முழுதாகப் பேசிய வாக்கியம் அது.

மாமா என்னைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் குழந்தையின் தாய் நின்றிருந்தாள். மாமா தொலைபேசியை எடுத்தார்.

கிளம்பிவிட்டார்கள் என்று பதில் வந்தது. சைரன் ஒலியும் வெகு விரைவில் கேட்டது. நெருங்கிக்கொண்டே வந்து, பிறகு நெருங்காமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. லாரிகளின் ஒலிப்பான்கள் அதற்குப் பதில் சொல்வதுபோல் அலறின. மாமா வாசலுக்கும் அக்காவுக்குமாக நடந்தார். அக்காவின் வலது கால் செருப்பு கழன்று கிடந்தது. அதைத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டார். அது நிற்கவில்லை. சைரன் அங்கேயே கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் எதிர்வீட்டுத் தாய்தான் தெருவைக் கடந்து வந்து கத்தினாள்: "அண்ணே, என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? தூக்குங்க. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்."

அக்காவை மெத்தையில் கிடத்தினோம். நான் பின்னால் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். வாட்ச்மேன் வாசலைத் திறந்தார். உத்தரத்தின் கீழ் வண்டி நுழைந்து வெளியேறியது. மாமா வழி நெடுகப் பேசினார். "மெத்தை எப்படி இருக்கு? சொல்லு. இந்தா, சொல்லுடி." அவள் கண் திறந்துதான் இருந்தது.

சாலையில் ஊர்தியை விட்டுவிட்டு, தூக்குப்படுக்கையுடன் லாரிகளுக்கிடையே புகுந்து நடந்தே வந்த பணியாளர்கள் நாங்கள் போன பிறகு வீட்டை அடைந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார் மருத்துவர். "வீட்டுலயே ரொம்ப நேரம் போயிருச்சே. ஏன் உடனே கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். மாமா, "ஃபோன் பண்ணோம்" என்று மட்டும் சொன்னார். அக்கா உயிருடன் வீடு திரும்பினாள். வலப்புறம் முழுவதும் போயிருந்தது. பேச்சு போயிருந்தது. நாள் முழுக்க ஓயாமல் பேசியவள் ஒரே ஒரு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு பசி, தாகம், கோபம், அவமானம் எல்லாவற்றையும் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

சில வாரங்களில் அலுவலகத்தின் கடிதம் வந்தது. எங்கள் மனை நிராகரிக்கப்பட்டிருந்தது. கிளை அடுக்குமாடிகளின் பக்கம் போகிறது. காரணங்களைப் படித்ததும், எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று நினைத்து அலுவலரை நேரில் பார்க்கப் போனேன். முந்தைய கடிதங்கள் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் சென்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க புள்ளியெல்லாம் வந்துச்சு சார். அந்தப் பக்கத்துக்குச் சமமாவே வந்துச்சு. ஆனா ஒவ்வொரு புள்ளியோடயும் வண்டி வந்து சேர்ந்த நேரமும் பதிவாகும். காலை நேரமெல்லாம் ரொம்ப மோசம்."

"அதைத்தானே நாங்களும் சொன்னோம். தாமதமாகுது, அதனாலதான் கிளை வேணும்னு."

"கமிட்டி வேற மாதிரி படிச்சாங்க. இவ்வளவு நெரிசல் இருக்கற ரோட்டுக்குள்ள கிளை வெச்சா, அங்கேர்ந்து வண்டி வெளிய வரவே முடியாது. மத்த ஏரியாவுக்கு எப்படிப் போகும்? தகுதியில்லாத இடம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"கிளை வந்தா லாரி நிக்கத் தடை வரும். நெரிசலே இருக்காது. இதோ அந்தப் பதில்."

"இருக்கலாம் சார். ஆனா தடை வந்த பிறகுதானே அந்த இடம் தகுதியாகும்?"

நான் அந்தத் தாளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். கடிதத்தின் கடைசி வரியைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அப்பகுதியில் உள்ளூர் வாகன ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இயங்கிவருவதால் பொதுமக்களுக்குப் பெரும் பாதிப்பு இராது என்று எழுதியிருந்தது.

அவர் திரையில் தேடினார். "ஒரு அழைப்புல, எங்க ஆளுங்க வீட்டுக்குப் போனப்போ நோயாளிய லோக்கல் வண்டியில ஏற்கெனவே கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு பதிவாயிருக்கு. அத வெச்சு எழுதியிருப்பாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவங்களா சார்?" என்றார்.

"என் அக்கா" என்றேன். அவர் தனிப்பட்ட முறையில் வருந்தினார் என்பதைப் பதிவு செய்கிறேன். அவர் வருத்தத்துக்கும் புள்ளி கிடையாது.

மருந்துக்கடைக்காரர் சங்கத்தைக் கூட்டித் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு மாமாவின் வீட்டுக்கு நேரில் வந்தார். அக்காவைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"இனிமே நீங்க பழையபடி வண்டி எடுக்கலாம், மெத்தைக்காரரே. எந்தத் தடையும் இல்ல."

"சரிங்க" என்றார் மாமா.

"எல்லாரும் உங்களத்தான் நம்பியிருக்காங்க."

"அவகிட்டயும் ஒருதடவ சொல்லிட்டுப் போங்க. தடை இல்லைன்னு."

மருந்துக்கடைக்காரர் கட்டிலின் பக்கம் திரும்பினார். வாய் திறந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லாமலே போய்விட்டார்.

முதலில் வந்தவரும் அவர்தான். இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில், வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய அம்மாவுக்கு மூச்சுத் திணறல். மாமா அப்போது அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். பழக்கம் அது. யோசித்து எழவில்லை. அக்கா இடது கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் இருந்த ஒரே ஒலியை எழுப்பினாள். நானும் அங்கிருந்தேன். அது போ என்றதா, போகாதே என்றதா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாமா அவள் விரல்களைப் பிரிக்கவில்லை. நின்றபடியே மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார்: "சாவி ஆணியில இருக்கு. எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியும்ல."

"நீங்க வரலையா? வாட்ச்மேன் உங்கள பாத்தாதான் திறப்பாரு..."

"வண்டியப் பாத்தா திறப்பாரு. பின்னாடி அம்மாகூட யாராவது பேசிக்கிட்டே போங்க. விட்டுடாதீங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வண்டி கிளம்பும் ஒலி கேட்டது. கியர் இருமுறை உறுமி விழுந்தது. மாமா உட்கார்ந்து, ஆறிய கஞ்சியைக் கலக்கி மீண்டும் ஊட்டத் தொடங்கினார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார் என்று மாலையில் செய்தி வந்தது. மாமா தலையை மட்டும் அசைத்தார்.

இப்போதும் வண்டி அவர் வாசலில்தான் நிற்கிறது. பகலில் அதில் மெத்தை ஏற்றிப் போய் இறக்குகிறார். உடல்நலம் கெட்டவர்களுக்காக எவர் வந்து கேட்டாலும் சாவியைத் தருகிறார். யார், என்ன நோய், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. திரும்பி வரும் மெத்தையை அவரே துடைக்கிறார். நோயாளி எவரையும் அவர் அதன் பிறகு தன் கையால் ஏற்றிச் சென்றதில்லை.